கார்டை அழித்தது நான்தான்

மெஷின் பழுதாகவில்லை. வைரஸ் எதுவும் வரவில்லை. அந்த மெமரி கார்டை அழித்தது நான்தான். அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்தேதான் அழித்தேன். திருவொற்றியூரில் ஒரு தெரு முழுக்க வேறு கதையை நம்பிக்கொண்டிருந்தது. அந்தக் கதையைச் சொன்னவனும் நான்தான்.

தெருவில் அவரை மிலிட்டரிக்காரர் என்பார்கள். பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அது அவர் வீட்டாருக்குச் சொந்தமானது. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று சொல்லும் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பில் இருந்தவர். 1780இல் தொடங்கிய படை அது. பாலம் போடுவது, பாதை வெட்டுவது, கண்ணிவெடி எடுப்பது அவர்கள் வேலை. 1971 டிசம்பர்ப் போரில் மேற்கு எல்லையில், ஷக்கர்கர் பக்கம் இருந்தார். இடது காதை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். ஓய்வு பெற்ற பிறகு எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கம்பெனி கேட்டில் காவல் வேலை. பட்டாளத்திலிருந்து ஊர் திரும்புகிறவர்களுக்கு எங்கள் பக்கத்தில் காத்திருக்கும் வேலை அதுதான்.

தெரு அவரைக் கொண்டாடியதற்குக் காரணம் போர் இல்லை. விடியற்காலையில் பையன்களை எழுப்பிக் கடற்கரைக்கு ஓட்டிக்கொண்டு போவார். ராணுவ ஆள்சேர்ப்புக்கு ஓடிப் பழக்குவார். காசு வாங்கமாட்டார். கழுத்தில் ஒரு விசில். கருங்கல் கொட்டிய கரையோரம் நின்று "ஓடு, ஓடு" என்று கத்துவார். அப்படி ஓடித் தேறி வேலைக்குப் போனவர்கள் தெருவில் இருக்கிறார்கள். தேறாதவர்களும் அவரைத்தான் சொல்வார்கள்.

நான் ஒலிப்பதிவு வேலை செய்கிறவன். விளம்பரம், குறும்படம், கல்யாணம், எது வந்தாலும் செய்வேன். பிழைப்பு அது. மற்ற நேரத்தில் வட சென்னையின் ஓசைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். துறைமுகத்தில் கப்பல் ஊதுவது, காசிமேட்டில் ஏலம் கூவுவது, கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று உறுமுவது. என்னை நானே ஒலிக்கலைஞன் என்று சொல்லிக்கொள்வேன். அந்தச் சொல்லில் எனக்கு இருந்த மயக்கத்தில்தான் எல்லாம் கெட்டது.

அவர் உயிரோடு இருக்கும்போதே அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசவைத்துப் பதிவு செய்தேன். உடம்பு இளைத்துப்போயிருந்தது. இருமல் விடாது. வலது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு, "இன்னாபா, இது பதிவாவுதா?" என்று அடிக்கடி கேட்பார். வட சென்னைத் தமிழும் பட்டாளத்து இந்தியும் கலந்து பேசுவார். நடுநடுவே உள்ளே திரும்பி மனைவியிடம் வெந்நீர் கேட்பார். ஒரு மாலை, அதுவரை பேசாத ஒன்றைப் பேசினார். ராத்திரி. பனி. கண்ணிவெடி புதைத்த வயல். தரையில் தவழ்ந்து, கையால் தடவித் தடவிப் பாதை எடுக்கிறார்கள். அவருக்கு இடது பக்கம் ஒரு பையன். அவரைவிடச் சின்னவன். அந்தப் பையன் திரும்பி வரவில்லை.

பையனின் பெயரைச் சொன்னார். ஊரைச் சொன்னார். "என்ன பத்தி எங்கனா போடறதா இருந்தா, இந்தப் பேர மட்டும் சொல்லிடு தம்பி" என்றார். மறுபடியும் பெயரைச் சொன்னார். அந்த நேரம் ஒரு கண்டெய்னர் லாரி தெருமுனையில் ஹாரன் அடித்தது. நீளமான ஹாரன். ரெக்கார்டரில் மீட்டர் சிவப்புக்கு ஏறியது. நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பதிவு கெட்டுவிட்டதே என்று உள்ளுக்குள் சலித்துக்கொண்டேன். அவர் மூன்றாம் தரமும் பெயரைச் சொன்னார். நான் தலையாட்டினேன். "கண்டிப்பா சொல்லிடறேன் ஐயா" என்றேன்.

அவர் வாழ்நாளில் என்னிடம் கேட்ட ஒரே காரியம் அது.

அவர் இறந்தார். முதலாண்டு நினைவு நாள் நெருங்கியது. மன்றத்துப் பையன்கள் பேனர் வைக்கப் பணம் திரட்டினார்கள். வழக்கமான பேனர். கண்ணீர் அஞ்சலி, மாலை போட்ட படம், கீழே வரிசையாகப் பையன்களின் முகங்கள். நான் தடுத்தேன். பேனர் ஒரு வாரத்தில் கிழிந்துவிடும், நான் அவருக்கு ஒலியால் ஒரு நினைவுச்சின்னம் செய்து தருகிறேன் என்றேன். அவர்களுக்கு அது என்னவென்று புரியவில்லை. ஆனால் என்னை நம்பினார்கள். வசூலான பணத்தை என்னிடம் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் மீன்பிடிக்கப் போகிறவர்களும், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்களும் போட்ட பணம் இருந்தது.

எனக்கு மனசில் வேறொரு படம் ஓடிக்கொண்டிருந்தது. 2015இல் லண்டன் டேட் பிரிட்டனில் ஸ்காட்லாந்துக் கலைஞர் சூசன் ஃபிலிப்ஸ் ஓர் ஒலிப்படைப்பை வைத்தார். போர்களில் நசுங்கியும் ஓட்டை விழுந்தும் போன ஊதுகருவிகளைத் தேடியெடுத்து, படைவீரர்களின் அஞ்சலியில் ஊதும் ‘லாஸ்ட் போஸ்ட்’ மெட்டின் சுரங்களை அவற்றில் ஊதவைத்துப் பதிவு செய்தார். வாட்டர்லூ போர்க்களத்தில் எடுத்த ஊதுகொம்பும் அதில் உண்டு. பாதி காற்று, பாதி சுரம். அதைப் பற்றிப் படித்ததிலிருந்து அப்படி ஒன்று செய்யவேண்டும் என்று துடித்தேன். அதில் மனிதக் குரல் இல்லை. அதையே நான் சட்டமாக எடுத்துக்கொண்டேன். போர்க்களத்தில் அவற்றை ஊதியவர்கள் செத்துப் பல காலம் ஆகிவிட்டது, அதனால் அங்கே குரல் இல்லை. எனக்கோ குரல் கையில் இருந்தது. இந்த வித்தியாசம் ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள மனம் இல்லை என்பதுதான் நேர்மையான வாக்கியம்.

அவர் பேச்சை வெட்டினேன். இருமலை வெட்டினேன். வெந்நீர் கேட்டதை வெட்டினேன். குரல் வந்தால் அது வெறும் பேட்டி ஆகிவிடும், கலை ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைசியில் மிஞ்சியது, கரையில் நின்று அவர் கத்திய "ஓடு, ஓடு" மட்டும். அதையும் இழுத்து, எதிரொலி சேர்த்து, அலையோடு கலந்தேன். யாருடைய குரல் என்று அவர் பிள்ளைக்கே தெரியாதபடி ஆக்கினேன். அதை ஒரு சாதனையாகவும் நினைத்தேன். கண்ணிவெடி பற்றிப் பேசிய பகுதியில் லாரி ஹாரன் ஏறியிருந்ததால், முதல் தடவை கேட்டபோதே ‘உதவாது’ என்று குறித்து ஒதுக்கினேன். மறுபடி கேட்கவே இல்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் சாவுக்குப் பாட்டு உண்டு. மரண கானா. பிணம் கிடக்கும் இரவிலும், கருமாதியிலும், வருஷ நினைவிலும் பாடுவார்கள். டோலக்கும் புல்புல்தாராவும் இருக்கும். இல்லாவிட்டால் சட்டியைத் தட்டிக்கூடப் பாடுவார்கள். பாடுகிறவர் முதலில் கேட்பது பெயர்களை. செத்தவர் பெயர், பெண்டாட்டி பெயர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், கூட்டாளிகள். அத்தனையும் பாட்டுக்குள் வந்தாகவேண்டும். ஒரு மைத்துனன் பெயர் விட்டுப்போனால் அங்கேயே சண்டை நடக்கும். மரண கானா விஜி போல இதிலேயே பெயரெடுத்தவர்கள் இருக்கிறார்கள். கானா பாடி வளர்ந்த ராயபுரத்து இசைவாணியை 2020இல் பிபிசி தன் 100 பெண்கள் பட்டியலில் சேர்த்தது. நானும் ராயபுரத்தில் பிறந்தவன்தான். இந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவன்தான். ஆனாலும் இது ஒலியால் ஆன நினைவுச்சின்னம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. குடித்துவிட்டுப் போடும் கூச்சல் என்று கூவத்துக்குத் தெற்கே இருக்கும் நண்பர்களிடம் சிரித்திருக்கிறேன்.

நினைவு நாளில் பாட ஒரு கானாப் பையன் வந்தான். அவரிடம் ஓடப் பழகியவன். என்னிடம் வந்து, "அவரு பட்டாளத்துல யார் யார் கூட இருந்தாருனு உனக்குத் தெரியுமாமே, பேரு சொல்லுணா, பாட்டுல சேத்துக்கறேன்" என்றான். அதெல்லாம் வேண்டாம் என்றேன். என் படைப்புக்கு முன்னாலும் பின்னாலும் அமைதி இருக்கவேண்டும், பாட்டு கூடாது என்றேன். அவன் டோலக்கை உறையில் போட்டுக்கொண்டு ஓரமாகப் போய் நின்றான்.

கேட்டது யார் என்று கவனியுங்கள். எதைக் கேட்டான் என்றும் கவனியுங்கள். அன்றைக்கே அந்தப் பெயர் என் வாயில் இல்லை.

அதற்குச் சில நாள் முன்புதான் கார்டை அழித்திருந்தேன். நடந்ததை அப்படியே சொல்கிறேன். படைப்பு முடிந்துவிட்டது. மறுநாள் காலை ஒரு நகை விளம்பர வேலை. ரெக்கார்டரில் இடமில்லை. கம்ப்யூட்டரில் வைத்திருந்த நகலை இடம் போதாமல் முன்பே நீக்கியிருந்தேன், கார்டில்தான் இருக்கிறதே என்று. புதுக் கார்டு வாங்க கடைக்குப் போகச் சோம்பல். திரையில் கோப்புகளின் வரிசை தெரிந்தது. தேதிகள் தெரிந்தன. எந்தத் தேதி எந்த மாலை என்று எனக்குத் தெரியும். வேண்டியதை எடுத்தாயிற்று, மிச்சம் கழிவு என்று நினைத்தேன். ‘ஃபார்மேட்’ என்பதை அழுத்தினேன். நிச்சயமா என்று கருவி கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். கை நடுங்கவில்லை. தூங்கப் போனேன்.

நினைவு நாளன்று தெருவில் பந்தல். வாடகை ஸ்பீக்கர். அவர் மனைவி முன்வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தெற்கிலிருந்து நான் அழைத்த கலை நண்பர்கள் சிலரும் வந்திருந்தார்கள். யாருக்காகச் செய்தேன் என்பதற்கு அதுவே சாட்சி. ஒலி ஓடியது. அலை. கப்பல் ஊதல். இரும்பு உரசும் ஓசை. பெண்கள் மரியாதைக்காகப் பேசாமல் இருந்தார்கள். குழந்தைகள் நெளிந்தார்கள். கொஞ்ச நேரம் போனதும் அவர் மனைவி பக்கத்தில் இருந்த மகளிடம் கேட்டார். மெல்லத்தான் கேட்டார், எனக்கும் கேட்டது.

"அவரு எப்ப பேசுவாரு?"

மகள் என்னைப் பார்த்தார். நான் ஸ்பீக்கரைப் பார்த்தேன். அவர் பேசவே இல்லை. முடிந்ததும் நண்பர்கள் கைதட்டினார்கள். தெருவும் கூடச் சேர்ந்து தட்டியது.

இரவு மகள் வந்தார். "அண்ணா, நல்லா இருந்துச்சு. நைனா திண்ணையில உக்காந்து பேசுனது இருக்குதுல்ல, அத அப்படியே ஒரு பென்டிரைவ்ல போட்டுக் குடுங்க. அம்மா கேக்குறாங்க. அவரு இருமுறது இருந்தாக்கூடப் போதும்" என்றார்.

நான் பொய் சொன்னேன். கார்டு கரப்ட் ஆகிவிட்டது, ஒன்றும் திறக்கவில்லை என்றேன். யோசிக்கக்கூட இல்லை. அவ்வளவு சுலபமாக வந்தது. பயம். என்னை நம்பிப் பணம் கொடுத்த தெருவுக்கு எதிரே சின்னவனாகிவிடுவேன் என்ற பயம். அவர் முகம் வாடியது. உடனே என்னைத் தேற்ற ஆரம்பித்தார். "மிஷின் தானேண்ணா, அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார். முனைக் கடையில் டீ வாங்கிக் கொடுத்தார். நான் குடித்தேன்.

பிறகு யாருக்கும் தெரியாமல் கார்டை எடுத்துக்கொண்டு ரிட்சி தெருவுக்குப் போனேன். அழிந்த கோப்புகளை மீட்டுத் தருகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். கடைக்காரர் விளக்கினார். ஃபார்மேட் செய்தால் பெரும்பாலும் அட்டவணைதான் போகும். ஒலி உள்ளேயே கிடக்கும். அதன்மேல் புதிதாக எதையாவது எழுதும்வரை அதை மீட்டுவிடலாம். "அதுக்கப்புறம் இதுல ஏதாவது எடுத்தீங்களா?" என்று கேட்டார். எடுத்திருந்தேன். கார்டு நிறைய எடுத்திருந்தேன். அவர் கணினியில் தேடிப்பார்த்தார். மீண்டு வந்தவை எல்லாம் வளையல் குலுங்கும் ஓசை. ஃபார்மேட் செய்த இரவில் எனக்கு உறைத்திருந்தால்கூட அவரைக் காப்பாற்றியிருக்கலாம். எனக்கு உறைக்கவில்லை. அந்த விளம்பரத்துக்கு வாங்கிய கூலியைச் செலவு செய்துவிட்டேன்.

கார்டு போன பிறகுதான் இதைப் படித்தேன். பெர்லினில் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்துக்கு ஓர் ஒலிக் காப்பகம் இருக்கிறது. முதல் உலகப்போரில் பிடிபட்ட இந்தியப் படைவீரர்களை ஜெர்மானியர்கள் வூன்ஸ்டார்ஃப் என்ற ஊரில் பிறைநிலா முகாம் என்று பெயர் வைத்த இடத்தில் அடைத்தார்கள். 1915இல் அமைந்த ஒரு குழு, போர்க்கைதிகளைக் குழல் முன்னால் நிறுத்திப் பேசவைத்துப் பதிவு செய்தது. வில்ஹெல்ம் டோகன் என்பவர் பதிவு வேலையைக் கவனித்தார். மொழிகளை ஆராய்வது நோக்கம். மனிதர்கள் மீது அக்கறை கிடையாது. 1916 டிசம்பர் 11 அன்று மல் சிங் என்ற பஞ்சாபிச் சிப்பாய் ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவாகப் பேசினார். வெண்ணெய் தின்று வளர்ந்த ஒருவன் ஐரோப்பியப் போருக்கு வந்து சிக்கிக்கொண்டான், வீடு திரும்ப ஏங்குகிறான் என்பதைக் கதை போலச் சொன்னார். அந்த இசைத்தட்டு இன்றும் இருக்கிறது. பிலிப் ஷெஃப்னர் 2007இல் அதைத் தொட்டு ஒரு படமே எடுத்தார். நூறாண்டு கழித்தும் மல் சிங் தன் பெயரோடும் தன் குரலோடும் பேசுகிறார்.

அவரைப் பிடித்து வைத்திருந்தவர்கள் அவர் குரலை வெட்டாமல் வைத்தார்கள். கீறல், இரைச்சல், மூச்சு எல்லாவற்றோடும். நான் அந்தப் பெரியவரின் திண்ணையில் காபி குடித்தவன். என்னைத் தம்பி என்றார்.

போரைப் பற்றியும் பிறகுதான் படித்தேன். முன்பே படித்திருக்கவேண்டும். பசந்தர் ஆற்றுப் பக்கம் 1971 டிசம்பர் 15 இரவு மெட்ராஸ் சாப்பர்ஸின் 9ஆவது இன்ஜினியர் ரெஜிமென்ட் கண்ணிவெடிகளுக்கு நடுவே பாதை திறந்தது. பாதை முழுதும் திறக்கும் முன்பே பூனா ஹார்ஸ் படையின் டாங்கிகள் உள்ளே போயின. மறுநாள் அந்தப் படையின் அருண் கேத்தர்பால் டாங்கியிலேயே இறந்தார். அவருக்குப் பரம் வீர் சக்ரா. அந்த முனையில் கண்ணிவெடி அகற்றுவதை முன்நின்று நடத்தி இறந்த மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரிக்கு மகா வீர் சக்ரா. இதெல்லாம் நூல்களில் இருக்கிறது. எங்கள் பெரியவர் அந்த 9ஆவது ரெஜிமென்டில்தான் இருந்தாரா, வேறொன்றிலா என்றும் திண்ணையில் சொன்னார். ரெஜிமென்ட் எண்ணை நான் காதில் வாங்கவில்லை. எண்கள் என் படைப்புக்கு உதவாது என்று நினைத்தேன்.

இதை எழுதும் முன் அவர் மகளிடம் போய் உண்மையைச் சொன்னேன். கார்டு கெடவில்லை, நான்தான் அழித்தேன், அன்று சொன்னது பொய் என்றேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அன்னிக்கு உங்களுக்கு டீ வாங்கிக் குடுத்து சமாதானம் பண்ணேனே" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா கிட்ட நீங்களே சொல்லுங்க" என்றார். சொன்னேன். அந்த அம்மா எனக்குப் பதில் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார். மன்றத்துப் பையன்களிடமும் சொன்னேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர்கள் பேனர் அடித்தார்கள். கானாப் பையன் என்னிடம் பேசுவதில்லை.

கிளம்பும்போது மகள் ஒன்று கேட்டார். அந்தப் பையனைப் பற்றி நைனா என்ன சொன்னார் என்று. வீட்டில் அவர் ஒருநாளும் பேசியதில்லையாம். அந்தப் பெயரை அவரிடமிருந்து கேட்டவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான். எனக்கு அது நினைவில் இல்லை. ஒருநாள் ‘க’வில் தொடங்கும் என்று தோன்றுகிறது. மறுநாள் அதுவும் நான் இட்டுக்கட்டியதோ என்று தோன்றுகிறது. ஏதோ ஒரு பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள அவர் வீட்டு வாசலில் ஒரு கணம் வாயெடுத்தேன். அதை மட்டும் செய்யவில்லை.

நினைவில் நிச்சயமாக இருப்பது இவ்வளவுதான். பையனுக்கு வேலூர்ப் பக்கம். ஊர்ப் பெயர் ‘பேட்டை’ என்று முடியும். மெட்ராஸ் சாப்பர்ஸ். 1971 டிசம்பர், ஷக்கர்கர் முனை. பெரியவருக்கு இடது பக்கம் தவழ்ந்துகொண்டிருந்தான். அந்த வாரம்தான் அவனுக்கு வீட்டிலிருந்து கடிதம் வந்திருந்தது, அக்காவுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்று. அப்படி ஒரு குடும்பத்தை அறிந்தவர் யாராவது இதைப் படித்தால், அந்தப் பெயர் திருவொற்றியூரில் ஒரு வீட்டுக்கு வேண்டியிருக்கிறது. அக்காவின் பிள்ளைக்கு இப்போது ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஆணா பெண்ணா என்றும் பெரியவர் சொன்னார். அதையும் மறந்துவிட்டேன்.